வான்கோழி வேட்டைக்கு எடை குறைந்த ஷாட்கன்: முதலில் தோட்டாவை முடிவு செய்யுங்கள்

கேள்வி இது: மிசூரி மாநிலத்தின் ஓசார்க் மலைச்சரிவுகளில் வசந்தகால வான்கோழி வேட்டை. கையில் இருப்பது மூன்றரை அங்குலத் தோட்டா ஏற்கும் 12 கேஜ் பம்ப் (முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை), வெறும் எடையே 7¾ பவுண்டு. கேஜ் என்பது குழல் உள்விட்டத்தின் அளவு, எண் கூடினால் குழல் சிறிது. தொலைநோக்கி, வார், தோட்டா எல்லாம் சேர்ந்தால் தூக்கிக்கொண்டு மேடேற முடியவில்லை. 40 கஜம் வரை நம்பிச் சுடக்கூடிய, ஆனால் எடை குறைந்த துப்பாக்கி எது?

சுருக்கமான பதில்: மூன்று அங்குல சேம்பர் (தோட்டா அமரும் அறை) கொண்ட 20 கேஜ், ஏறத்தாழ 6 பவுண்டு எடையில், டங்ஸ்டன் ரவை, அதாவது சிறு உருண்டைகள், நிரப்பிய தோட்டாவோடு. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரி. 0.410 அங்குல உள்விட்டம் கொண்ட .410 இன்னும் லேசானது, ஆனால் அதற்கென்று நிபந்தனைகள் உண்டு. லேசான 12 கேஜ் வாங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது தவறான வழி. ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

எடை இரண்டு இடங்களில் வதைக்கிறது. ஒன்று நடக்கும்போது. விடியலுக்கு முன் ஒரு மேட்டில் நின்று கூவலைக் கேட்டு, அடுத்த பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி, காலையில் நான்கைந்து மைல் போவது சாதாரணம். இரண்டாவதைப் பலர் கடையில் நிற்கும்போது நினைத்துப் பார்ப்பதில்லை. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, இடது முழங்கால்மேல் துப்பாக்கியை வைத்துக் காத்திருக்கிறீர்கள். சேவல் வான்கோழி 60 கஜத்தில் வந்து நின்றுவிடுகிறது. வால் விசிறியை விரிக்கிறது, மடக்குகிறது, முன்னால் வர மாட்டேன் என்கிறது. அதன் கண் உங்கள் பக்கமே இருப்பதால் கையை இறக்க முடியாது. ஐந்து நிமிடம் கழித்து முன்கை நடுங்க ஆரம்பிக்கும், குழல் முனையும் சேர்ந்து ஆடும். அப்போது மொத்த எடையைவிட, முன்பக்கம் எவ்வளவு எடை இருக்கிறது என்பதுதான் கேள்வி. 28 அங்குலக் குழல் கொண்ட 6½ பவுண்டுத் துப்பாக்கியைவிட 22 அங்குலக் குழல் கொண்ட 6¾ பவுண்டுத் துப்பாக்கி கையில் லேசாக இருக்கும்.

புதிது வாங்குமுன் இப்போதுள்ளதை ஒரு தராசில் வைத்துப் பாருங்கள், வேட்டைக்குப் போகும் கோலத்திலேயே. துப்பாக்கி 7¾ பவுண்டு. தொலைநோக்கியும் அதன் எஃகுத் தாங்கியும் ஒரு பவுண்டு. அகலமான வார் 6 அவுன்ஸ். மூன்றரை அங்குலத் தோட்டா மூன்று, சுமார் 8 அல்லது 9 அவுன்ஸ். ஆக 9½ பவுண்டைத் தாண்டிவிடும், அதாவது நாலேகால் கிலோவுக்கு மேல். தொலைநோக்கியைக் கழற்றிச் சிறிய ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பான்) வைத்து, மெல்லிய நைலான் வார் மாட்டி, மூன்றரை அங்குலத்தை விட்டு மூன்று அங்குலத் தோட்டாவுக்கு வந்தாலே ஒரு பவுண்டு குறையும். உங்களுக்கு அதுவே போதுமென்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். போதாதென்றால் மேலே படியுங்கள். 6 பவுண்டு 20 கேஜை அதேபோல் முழுக் கோலத்தில் எடை போட்டால் ஏறத்தாழ 6¾ பவுண்டுதான் வரும்.

இனி, லேசான 12 கேஜ் ஏன் கூடாது என்பது. துப்பாக்கியின் உதை ஆற்றல், வெளியே போகும் பொருளின் உந்தத்தின் (எடை × வேகம்) இருமடியைத் துப்பாக்கி எடையின் இருமடங்கால் வகுத்துக் கிடைப்பது. தோட்டா அதேதான், துப்பாக்கி மட்டும் இளைக்கிறது என்றால் உதை எடைக்குத் தலைகீழ் விகிதத்தில் ஏறும். 1¾ அவுன்ஸ் ரவையை நொடிக்கு 1,200 அடி வேகத்தில் தள்ளும் 12 கேஜ் தோட்டா 7½ பவுண்டுத் துப்பாக்கியில் சுமார் 57 அடி-பவுண்டு உதைக்கும். அதே தோட்டாவை 6 பவுண்டு 12 கேஜில் போட்டால் 70-ஐத் தாண்டும். களிமண் தட்டு சுடும் சாதாரண 1⅛ அவுன்ஸ் தோட்டா 7½ பவுண்டுத் துப்பாக்கியில் 20-க்குள் அடங்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேட்டையில் ஒரே ஒரு வெடிதானே, பொறுத்துக்கொள்ளலாம் என்பார்கள். தொல்லை வேட்டையில் வருவதில்லை. காகிதத்தில் சுட்டுப் பார்க்கும் மேசையில் வருகிறது. நாலு வெடிக்குப் பிறகு உடம்பு தானாகவே முன்கூட்டிச் சுருங்கும், விசையை வெடுக்கென்று இழுக்கும், கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையைவிட்டு எழும். பிறகு அந்தப் பழக்கம் சேவலின் முன்னும் வந்து நிற்கும்.

அதே கணக்கில் 20 கேஜ் 1½ அவுன்ஸ் டங்ஸ்டன் தோட்டா, நொடிக்கு 1,100 அடி, 6 பவுண்டுத் துப்பாக்கி: சுமார் 40 அடி-பவுண்டு. மென்மையானது என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே உதைக்கும். ஆனால் இப்போது உங்கள் தோள் வாங்கிக்கொண்டிருக்கும் உதையைவிடக் குறைவு, துப்பாக்கியோ கிட்டத்தட்ட இரண்டு பவுண்டு லேசு. .410-இல் 13/16 அவுன்ஸ் தோட்டா, 5 பவுண்டுத் துப்பாக்கி: 14 அல்லது 15. பத்து வயதுப் பிள்ளையும் தாங்கும். வெடிமருந்தின் எடையைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகும், வரிசை மாறாது.

சிறிய கேஜ் வான்கோழியை வீழ்த்துமா என்ற சந்தேகம் ஈயக் காலத்தில் முழுக்க நியாயமானது. அதை மாற்றியது டங்ஸ்டன் சூப்பர் ஷாட். எல்லாரும் டி.எஸ்.எஸ். என்றுதான் சொல்கிறார்கள். கைத்தயாரிப்புத் தோட்டாக்காரர்களிடம் ஆண்டுக்கணக்காகப் புழங்கிவந்த இந்த ரவையை 2018-இல் ஃபெடரல் நிறுவனம் பெரிய அளவில் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தபின் எல்லாருக்கும் கிடைத்தது. அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 18 கிராம். ஈயம் 11 சொச்சம், எஃகு 8-க்கும் கீழே.

அந்த ஒரு எண்ணிலிருந்து மற்றதெல்லாம் வருகிறது. ரவையின் எண் கூடக் கூட உருண்டை சிறிதாகும். வான்கோழிக்கு வழக்கமான 5-ஆம் எண் ஈய ரவை 0.12 அங்குல விட்டம், ஓர் அவுன்ஸில் 170 உருண்டை. 9-ஆம் எண் டி.எஸ்.எஸ். 0.08 அங்குல விட்டம், ஓர் அவுன்ஸில் 360 சொச்சம். ஒவ்வொரு டங்ஸ்டன் உருண்டையும் ஈய உருண்டையில் பாதி எடைகூட இல்லை. ஆனால் அது துளைக்க வேண்டிய பரப்பும் பாதிக்குக் கீழே. ஆகவே பரப்புக்கு விழும் எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. 9-ஆம் எண் டி.எஸ்.எஸ். 5-ஆம் எண் ஈயம்போல ஊடுருவும் என்று வேட்டைக்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான். உருண்டை கடினமானதால் குழலுக்குள் நசுங்குவதில்லை, நசுங்காததால் வழியில் விலகி ஓடுவதும் குறைவு. இப்போது எண்ணிப் பாருங்கள்: 12 கேஜில் 1¾ அவுன்ஸ் 5-ஆம் எண் ஈயம் என்றால் ஏறத்தாழ 300 உருண்டை. .410-இல் 13/16 அவுன்ஸ் 9-ஆம் எண் டி.எஸ்.எஸ். என்றாலும் ஏறத்தாழ 295 உருண்டை. 20 கேஜில் ஒன்றரை அவுன்ஸ் என்றால் 540. தாத்தா காலத்து 12 கேஜின் வேலையை ஒரு .410 தோட்டா செய்கிறது, 20 கேஜ் அதைத் தாண்டியே போகிறது.

விலை கசக்கும். ஒரு தோட்டா 8 முதல் 15 டாலர் வரை ஆகிறது, ஐந்து தோட்டாவாகப் பெட்டியில் வரும். ஆனால் ஒரு பருவத்துக்கு நீங்கள் சுடப்போவது ஓரிரண்டு, காகிதத்தில் மூன்று நான்கு. புதுத் துப்பாக்கியின் விலையோடு பார்த்தால் அது பெரிய தொகையல்ல. அதுவும் வேண்டாமென்றால் 20 கேஜில் மூன்று அங்குலம், 1¼ அவுன்ஸ், 5 அல்லது 6-ஆம் எண் செம்பு பூசிய ஈயத் தோட்டா இருக்கிறது. வின்செஸ்டரின் லாங் பியர்ட் வகையில் உருண்டைகளைச் சுற்றிப் பிசின் ஊற்றிக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள், சுடும்போது அது நொறுங்கி உருண்டைகள் நசுங்காமல் காக்கும். அதை வைத்து 30 கஜம் வரை, உங்கள் துப்பாக்கி நன்றாக அடித்தால் 35 வரை என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். .410-இல் ஈயம் வேண்டவே வேண்டாம். 11/16 அவுன்ஸ் 6-ஆம் எண் ஈயத்தில் 155 உருண்டைதான். இருபது கஜத்துக்கு அப்பால் அது பறவையைக் காயப்படுத்தி ஓடவிடும், புதரில் தேடியும் கிடைக்காது.

அப்படியானால் டி.எஸ்.எஸ். போட்ட .410 போதாதா, எதற்கு 20 கேஜ்? சில இடங்களில் போதும். வயல் ஓரத்தில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, 20 கஜத்தில் பொம்மைக் கோழி நட்டு, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேட்டையாடுபவருக்கு .410-ஐவிட நல்லது இல்லை. தோள்பட்டை அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்கும் அப்படியே. ஆனால் ஓசார்க் சரிவுகளில் சேவல் எங்கே தலை நீட்டும் என்று தெரியாது. .410-இல் 35 கஜத்துக்கு மேல் ரவை விரவல், அதாவது உருண்டைகள் பரவி விழும் அடர்த்தி, பல துப்பாக்கிகளில் இளைத்துவிடுகிறது, துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபாடும் அதிகம். 20 கேஜ் அந்த நெருக்கடியில் கை கொடுக்கும். 28 கேஜ் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. துப்பாக்கி அழகாக, லேசாக இருக்கும், ஆனால் வான்கோழித் தோட்டா வகைகள் குறைவு, சின்ன ஊர்க் கடைகளில் தேட வேண்டிவரும்.

20 கேஜுக்கு மாறுகிறவர் உயிர் காக்கும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது அழகுக்காக அல்ல. அந்தத் தோட்டாவைத் தவறி 12 கேஜுக்குள் போட்டால், அது சேம்பரைத் தாண்டி வழுக்கிக் குழலின் குறுகலில் போய் மாட்டிக்கொள்ளும். திறந்து பார்த்தால் சேம்பர் காலி. சுடவில்லையே என்று பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் முன்னங்கை பிடித்திருக்கும் இடத்திலேயே குழல் வெடிக்கும். பழைய 12 வீட்டில் இருக்கும்வரை இரண்டு தோட்டாக்களும் ஒரே பையில், ஒரே சட்டைப்பையில் இருக்கக் கூடாது. பருவத்தின் முதல் நாள் மேலங்கியின் எல்லாப் பைகளையும் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள், போன வருடத்துத் தோட்டா ஒன்று மூலையில் கிடக்கும்.

எந்த இயக்கமுறை என்பதற்கு வருவோம். பம்ப் எளிமையானது, மண்ணும் மழையும் தாங்கும், விலை குறைவு. நீங்கள் பம்பில் பழகியவர், அதிலேயே இருப்பதில் தவறில்லை. செமி ஆட்டோ என்பது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் வகை. வாயுவால் இயங்கும் செமி ஆட்டோ உதையைக் கொஞ்சம் நீட்டிப் பரப்பிவிடுவதால் தோளுக்கு இதம், ஆனால் குழலடியில் பிஸ்டன் முதலான பாகங்கள் இருப்பதால் முன்பக்கம் எடை கூடும். இனெர்ஷியா வகை, அதாவது துப்பாக்கி பின்னால் உதறும் விசையிலேயே இயங்குவது, செமி ஆட்டோக்களில் மிக லேசானது. 20 கேஜில் 6 பவுண்டுக்கும் கீழே கிடைக்கிறது. அதில் இரண்டு குணங்களை அறிந்து வாங்குங்கள். வாயு வகையைவிட உதை கூர்மையாக இருக்கும். அடுத்தது, இருட்டில் சத்தம் கேட்கக் கூடாதென்று சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கையால் மெல்ல விட்டு மூடினால், அதன் தலை முழுதும் சுழன்று பூட்டாமல் நின்றுவிடலாம். பார்த்தால் மூடியதுபோல் இருக்கும். சேவல் 25 கஜத்தில் நிற்கும்போது விசையை அழுத்தினால் ‘கிளிக்’ என்ற ஓசை மட்டும் வரும். நடக்கும்போது எங்காவது இடித்துப் போல்ட் சற்றே பின்வாங்கினாலும் இதே கதிதான். ஆகவே வண்டியைவிட்டு இறங்கியதும் போல்ட்டை முழுதும் இழுத்துத் தானாக அறையவிடுங்கள். உட்கார்ந்தபின் கைப்பிடியை உள்ளங்கையால் ஒரு தரம் முன்னே தள்ளிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சத்தத்தில் காடு கலைந்துவிடாது.

ஒற்றைத் தோட்டா வகைதான் எல்லாவற்றிலும் லேசு, மலிவும் அதுவே. ஸ்டீவன்ஸ் 301 வான்கோழி மாதிரி .410-இல் 5 பவுண்டு சொச்சம், 26 அங்குலக் குழல், ரெட் டாட் பொருத்தத் தண்டவாளம், டி.எஸ்.எஸ்.ஸை மனத்தில் வைத்துச் செய்த சோக் (குழல் முனையைக் குறுக்கி ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழாய்), எல்லாம் சேர்ந்தே வருகிறது. குறை என்னவென்றால் வெளியே தெரியும் சுத்தியைக் குளிரில், கையுறையோடு, சேவலின் பார்வைக்கு எதிரே கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். அது நழுவினால் ஆபத்து. முதலில் காலித் துப்பாக்கியில் நூறு தடவை பழகுங்கள். அதே துப்பாக்கியின் 20 கேஜ் வடிவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். 5 பவுண்டில் ஒன்றரை அவுன்ஸ் தோட்டா 48 அடி-பவுண்டுக்குப் போகும், அது முகத்திலும் அறையும்.

‘20 கேஜ்’ என்று பலகையில் எழுதியிருப்பதால் மட்டும் லேசு என்று நம்பிவிடாதீர்கள். சில தயாரிப்புகளில் 12 கேஜுக்கு வார்த்த உடற்பெட்டியிலேயே (குழலுக்குப் பின்னால் இயக்கப் பாகங்கள் அமரும் பெட்டி) மெல்லிய குழலைப் பொருத்திவிடுகிறார்கள். மாஸ்பெர்க் 500 நல்ல துப்பாக்கி, உடற்பெட்டி அலுமினியம். ஆனாலும் அதன் .410 வடிவம் 6 பவுண்டுக்கு மேலேதான் நிற்கும், அளவு சுருங்கவில்லை என்பதே காரணம். ரெமிங்டன் 870-இன் உடற்பெட்டி எஃகு. 20 கேஜில் அது சிறியதாக இருந்தாலும் எஃகு எஃகுதான். பெனெலி எம்2, ஃபிராங்கி அஃபினிட்டி இரண்டின் 20 கேஜும் அந்தக் கேஜுக்கென்றே சுருக்கிச் செய்தவை, 6 பவுண்டை ஒட்டியே இருக்கும், விலையும் அதற்கேற்ப. பட்டியலில் அச்சிட்ட எடை குழல் நீளம், கட்டை வகை பொறுத்து மாறும். கடைக்காரரிடம் தராசு கேட்டு அங்கேயே நிறுத்துப் பாருங்கள்.

குழலைப் பொறுத்தவரை 20 கேஜுக்கு 22 அல்லது 24 அங்குலம். நீளமான குழல் ரவையை இறுக்கமாக அனுப்பும் என்பது பழைய நம்பிக்கை. இறுக்குவது சோக்கும் தோட்டாவும்தான். இருக்கிற நீளக் குழலை அறுத்துக் குட்டையாக்குவதை நினைக்கவே வேண்டாம். சோக் திருகும் மரை போய்விடும், மெல்லிய சுவரில் புதிதாக மரை வெட்டுவது எல்லாராலும் ஆகாது, 18 அங்குலத்துக்குக் கீழே போனால் மத்திய அரசின் சட்டப்படி அது வேறு வகை ஆயுதம். தொழிற்சாலைக் குட்டைக் குழல் ஒன்றை வாங்குவது சுலபம்.

கட்டையின் நீளத்தையும் பாருங்கள். விசையிலிருந்து பின்முனை வரை பொதுவாக 14 அங்குலத்துக்கு மேல் வைத்துச் செய்கிறார்கள். அது நின்றுகொண்டு பறக்கும் பறவையைச் சுடுவதற்கான அளவு. நீங்களோ உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, தடித்த வேட்டை மேலங்கியோடு சுடுகிறீர்கள். 13 முதல் 13½ அங்குலம் இதமாக இருக்கும். அளவு சொருகுத் தகடு வைத்து மாற்றக்கூடிய கட்டை கிடைத்தால் அதையே எடுங்கள். பிடி வடிவத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது: மாஸ்பெர்க் போல உடற்பெட்டியின் மேலே பாதுகாப்புப் பொத்தான் உள்ள துப்பாக்கியில் கைத்துப்பாக்கிப் பிடி கொண்ட கட்டையைப் பொருத்தினால், பிடியைவிட்டுக் கையை எடுக்காமல் கட்டைவிரல் அந்தப் பொத்தானை எட்டாது. சாதாரணக் கட்டையில் அதே பொத்தான் இடதுகைக்காரருக்கும் வரப்பிரசாதம். பின்முனை ரப்பர் மெத்தை நல்லதாக ஒன்று மாட்டுங்கள். அதன் எடை ஒரு பொருட்டல்ல, பின்பக்கம் சேரும் எடையால் முன்பக்கம் இன்னும் லேசாகத் தெரியும்.

சோக் விஷயத்தில் மிக இறுக்கமானதே மிக நல்லது என்று எண்ணிக் காசை வீணாக்குகிறார்கள். 20 கேஜின் குழல் உள்விட்டம் 0.615 அங்குலம். ஈயத்துக்கும் டி.எஸ்.எஸ்.ஸுக்கும் 0.555-க்கும் 0.575-க்கும் இடையில்தான் பெரும்பாலான துப்பாக்கிகள் நன்றாக அடிக்கின்றன. அதைவிட இறுக்கினால் ரவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியே வந்து நடுவில் ஓட்டை விடும் விரவலாக மாறலாம். டி.எஸ்.எஸ்.ஸுக்கு அனுமதித்த சோக் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும். கழற்ற முடியாத பழைய ‘ஃபுல்’ சோக் குழல்களில் இவ்வளவு கடினமான ரவையை விடாதீர்கள். மரை வகையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஏறக்குறையப் பொருந்துகிறது என்று திருகினால் விளிம்பு வெளியே நீண்டு, முதல் வெடியிலேயே சோக்கும் குழலும் சேர்ந்து போகலாம். ஏழெட்டு வெடிக்கு ஒருமுறை, துப்பாக்கி காலியென்று பார்த்தபின், சோக்கைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் முறுக்குங்கள், மரையில் ஒரு சொட்டு மசகு இடுங்கள்.

குறிபார்க்கும் சாதனத்துக்கு 2 அல்லது 3 எம்.ஓ.ஏ. (புள்ளியின் பருமனைச் சொல்லும் கோண அளவு) புள்ளி கொண்ட சிறிய ரெட் டாட். தாங்கியோடு 3 அவுன்ஸ்தான் ஆகும். குழல்முனை மணியை மட்டும் நம்பிச் சுடும்போது, பறவையை முழுதாகப் பார்க்கும் ஆசையில் கன்னத்தைக் கட்டையைவிட்டுத் தூக்கிவிடுகிறோம். குழல் முனை மேலே போகும், ரவை முழுதும் தலைக்கு மேலே. வான்கோழி தப்புவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. ரெட் டாட்டில் தலை கொஞ்சம் தப்பாக இருந்தாலும் புள்ளி காட்டும் இடத்தில்தான் அடி விழும். டி.எஸ்.எஸ். இருபது கஜத்துக்குள் கைமுட்டியளவே விரிவதால் இது ஆடம்பரம் அல்ல, தேவை. வாங்கும்போதே உடற்பெட்டியின் மேல் திருகுத் துளை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: எந்தக் கண்ணாடி வழியாகவும் ‘அது என்ன’ என்று தேடாதீர்கள். பறவைதான், நெஞ்சில் தொங்கும் தாடி இருக்கிறது என்று வெறுங்கண்ணால் உறுதியான பின்தான் துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் காகிதம். வேறெதில் குறை வைத்தாலும் இதில் வைக்காதீர்கள். மூன்றடிக்கு மூன்றடி காகிதம், நடுவில் எலுமிச்சை அளவு புள்ளி. முதலில் மலிவான தட்டுத் தோட்டாக்களைக் கொண்டு 20 கஜத்தில் ரெட் டாட்டைத் திருத்துங்கள். நாலைந்து வெடி போதும், தோளும் தாங்கும். பிறகு வேட்டைத் தோட்டா ஒன்று, அதே 20 கஜம். தட்டுத் தோட்டாவும் கனமான தோட்டாவும் ஒரே இடத்தில் படும் என்ற உத்தரவாதம் எந்தத் துப்பாக்கிக்கும் கிடையாது. லேசான துப்பாக்கியில் விலகல் இன்னும் கூடுதலாகத் தெரியும், ரவை குழலைத் தாண்டுவதற்குள்ளேயே துப்பாக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. அந்த விலகலைச் சரிசெய்தபின் 40 கஜத்தில் ஒன்று. காகிதத்தில் துளைகள் அடர்ந்த இடத்தை நடுவாகக் கொண்டு 10 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். நூறு துளை இருந்தால் அந்தத் தூரம் உங்களுடையது. எண்பது என்றால் 35-க்கு வந்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கையோடு, வட்டத்துக்குள் கையளவு வெற்றிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சேவலின் தலையும் கழுத்தும் அந்த வெற்றிடத்துக்குள் அடங்கிவிடும். அடர்த்தி நடு வட்டத்தின் மேலா கீழா விழுகிறது என்பது அடுத்தது. நான்கு அங்குலம் மேலே என்றால் பாதி ரவை வீண்.

பலரும் கோட்டைவிடும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. உதை வலிக்கிறதென்று எடை கட்டிய சுடுதாங்கியில் துப்பாக்கியைப் பூட்டிச் சரிபார்த்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடுகிறார்கள். தாங்கியில் துப்பாக்கி நகரும் விதம் வேறு, உங்கள் தோளில் நகரும் விதம் வேறு. 6 பவுண்டுத் துப்பாக்கியில் இந்த வேறுபாடு நாலைந்து அங்குலமாகக் காகிதத்தில் தெரியலாம். ஆகவே கடைசி ஒரு தோட்டாவை மைதானத்தில் ஒரு கம்பத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, முழங்கால்மேல் வைத்து, அதே மேலங்கி, அதே கையுறையோடு 30 கஜத்தில் சுடுங்கள். அந்தக் காகிதம்தான் உண்மை சொல்லும். காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு அணியுங்கள். குட்டைக் குழலின் சத்தம் கூர்மையானது.

குறி எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசிறி விரித்த சேவலைச் சுடாதீர்கள், தலை உடம்போடு ஒடுங்கியிருக்கும். வாய்க்குள் வைத்து ஒலி எழுப்பும் வாய்க்கூவியால் குட்டையாக ஒரு தரம் கொக்கரித்தால் கழுத்தை நீட்டிப் பார்க்கும். இறகு முடிந்து சிவந்த தோல் தொடங்கும் கழுத்தடியில் புள்ளியை வையுங்கள். நெஞ்சில் சுட்டால் 9-ஆம் எண் ரவை இறகிலும் சதையிலும் நின்றுவிடும், கறியும் பாழ்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மிசூரியில் ரவை 4-ஆம் எண்ணைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது, 9-ஆம் எண்ணுக்கு அதனால் தடையில்லை. ஆனால் சில மாநிலங்களில் ஈயக் காலத்தில் எழுதிய ‘இதைவிடச் சிறிய ரவை கூடாது’ என்ற விதியும், சிறிய கேஜுக்குத் தடையும் இருந்திருக்கின்றன. எல்லை தாண்டிப் போகுமுன் அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் படியுங்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது, அங்கே டங்ஸ்டன் அந்தச் சிக்கலையும் தீர்க்கிறது. மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி மேகசினில் போடும் அடைப்புக் குச்சி பல மாநிலங்களில் கட்டாயம். புதுத் துப்பாக்கியில் அது உள்ளே இருக்கிறதா என்று வாங்கிய அன்றே திறந்து பாருங்கள்.

ஆக, உங்கள் நிலையில் வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் 20 கேஜ், 3 அங்குலம், ஒன்றரை அவுன்ஸ் 9-ஆம் எண் டி.எஸ்.எஸ். என்று தோட்டாவை முடிவு செய்யுங்கள். அதைச் சுட்டாலும் தாங்கும் எடையில், அதாவது ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் நடுவில், குட்டைக் குழல், குட்டைக் கட்டையோடு துப்பாக்கியைத் தேடுங்கள். கையில் பணம் இருந்தால் செமி ஆட்டோ, இல்லையென்றால் பழகிய பம்ப். கூடவே வரும் சோக்கில் முதலில் சுட்டுப் பாருங்கள். பத்து அங்குல வட்டத்தில் நூறு விழுந்துவிட்டால் எழுபது டாலர் சோக் ஒன்றை வாங்கும் செலவு மிச்சம், அந்தப் பணத்துக்கு இன்னொரு பெட்டித் தோட்டா வாங்கலாம். பெட்டியில் அச்சிட்ட தயாரிப்புத் தொகுதி எண் ஒன்றாகவே இருக்கும் இரண்டு பெட்டி எடுத்து வையுங்கள். நீங்கள் காகிதத்தில் பார்த்ததே அடுத்த இரண்டு மூன்று வசந்தத்துக்கும் கையில் இருக்கும்.